சிவப்பு வந்ததா?

பதினோரு நாளும் இரண்டு பேருடைய எண்ணும் ஒன்றாகவே இருந்தது.

இன்று கடைசி நாள்.

மலேசியாவில், சபாக் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் சீனியர் வேலை ஒன்று காலி. பிரேமலாவும் லிங்கேஸ்வரனும் அதற்குப் போட்டி. அவளுடைய கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. வேலை கிடைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவனோ ஏற்கெனவே நிரந்தரம். வேலையில் அவளுக்கு ஐந்து வருஷம் மூத்தவன்.

நியாயமாக நடக்கட்டும் என்று மேனேஜர் சிவானந்தம்தான் ஏற்பாடு செய்தார். தினமும் இருவருக்கும் ஒரே எண்ணெய். ஆளுக்கொரு குடுவை, ஆளுக்கொரு அளவுக்குழாய், பேர் ஒட்டிய பாட்டிலில் ஆளுக்கொரு காரக் கரைசல். நடுவில் மைலோ பெட்டியை வெட்டி ஒரு தடுப்பு.

"ஒருத்தர் சாமான இன்னொருத்தர் தொட்டா, அப்பவே போட்டிய விட்டு வெளிய. யார் நம்பர் சரியா வருதோ அவங்களுக்கு வேலை. சமமா வந்தா சீனியருக்கு. சரியா?"

எண்ணெயில் எவ்வளவு அமிலம் ஏறியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும் காரத்தைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விட வேண்டும். காரம் அமிலத்தைத் தீர்த்ததும் குடுவையில் சிவப்பு வரும்; அது நிற்கும் சொட்டில் மூட வேண்டும். குழாயில் இறங்கிய அளவுதான் எண். மேனேஜர் வந்து பார்க்கும்வரை குழாயை அப்படியே விட்டுவைப்பது அங்கே வழக்கம்.

மேனேஜர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கைகழுவும் தொட்டி அவள் பக்கத்தில் இருந்தது.

அவள் குழாயை மூடியதும் லிங்கேஸ்வரனுக்குக் கைகழுவ வேண்டியிருக்கும். வருவான். தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் குழாயை ஒரு பார்வை பார்ப்பான். திரும்பிப் போய், தன் குழாயை அதே கோடுவரை இறக்கி மூடுவான்.

"டிகிரி தங்கச்சிக்குக் கை சுத்தம்," என்பான். "வாய்தான் இன்னும் தொறக்கல லா."

ஒருமுறை அவள் மேனேஜர் அறைவரை போய் நின்றாள். "நம்பர் ஒண்ணாவே வருது சார்" என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை.

"நல்லதுதானம்மா? லேப் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம்."

அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு சரியாகச் செய்தாலும் சமம்தான். சமம் என்றால் அவன்தான். தன் கையாலேயே அவனுக்கு ஏணி பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை, முதல் லோரி வருவதற்கு முன்பே வந்துவிட்டாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று காவலாளி கேட்டார். கொஞ்சம் கழுவும் வேலை என்றாள்.

சோதனையை எப்போதும்போலச் செய்தாள். கடைசிச் சொட்டில் சிவப்பு வந்து நின்றது. மூடினாள்.

லிங்கேஸ்வரன் கைகழுவ வந்தான். இன்று அவள் கொஞ்சம் தள்ளி நின்று வழிவிட்டாள், நன்றாகப் பார்க்கட்டும் என்று.

கொஞ்ச நேரத்தில் அவனும் முடித்தான். மறுபடி வந்து, யாருடனோ போனில் பேசிக்கொண்டே குடுவையைத் தொட்டியில் கொட்டினான். கொட்டியதைக் குனிந்து பார்க்கவில்லை.

மேனேஜர் வந்து தடுப்பை எடுத்தார். இரண்டு குழாயும் ஒரே கோட்டில் நின்றன.

"இன்னிக்கும் சமம்! அப்புறமென்ன, ரூல் தெரியும்ல? வாழ்த்துகள் லிங்கா."

"தேங்க்ஸ் சார்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "மனசுல வச்சுக்காத தங்கச்சி. சாயந்தரம் கடையில தே தாரே குடிப்போம், டீ என் செலவு."

பிரேமலா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, சிவப்பு வந்துச்சா?"

"வராமயா? ரோஜாப்பூ மாதிரி வந்துச்சு லா."

"சார்கிட்ட சொல்லுங்கண்ணே."

"வந்துச்சு சார், வந்துச்சு! என்னம்மா, எனக்கே பரீட்சையா?"

சிரித்தான். மேனேஜரும் சிரித்தார்.

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய ஆலை அட்டையைக் கழற்றி, வாரைச் சுருட்டி, மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"அண்ணன் பாட்டில்ல இருந்தது வெறும் தண்ணி சார். காலையில நான்தான் மாத்தி ஊத்தி வச்சேன்."