பெட்டியில் வந்த சைடு மிரர்

அப்பாவின் பழைய காருக்கு உள்ளூரில் உதிரிபாகம் யானை விலை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள்தான் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் அலைந்து மலிவாக வாங்கி வருவாள்.

“கூரியர்ல போட்டா உடைஞ்சிடும்மா, நீயே கொண்டு வந்துடு” என்பார் அப்பா.

இந்த முறை சைடு மிரர். மேனேஜரிடம் லீவுக்குக் கெஞ்சி, புடவையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

“இப்பவே மாட்டிடலாம்பா. கார் எங்கே?”

அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மா சிரித்துவிட்டாள். “அதை வித்து ரெண்டு வருஷமாச்சுடி!”

“போன தடவை மெக்கானிக்கிட்ட இருக்குன்னீங்களேப்பா!”

“சும்மா வான்னு கூப்பிட்டா, வேலை இருக்குன்னுதானே சொல்லுவே?”

மகளுக்குக் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது. “சரி, அடுத்து என்ன வேணும்?”

அப்பாவின் முகம் மலர்ந்தது.

“ஹெட்லைட். ரெண்டு வேணும்மா. ஒவ்வொண்ணா கொண்டு வா.”