மழை குடித்த மரம்

தாராவி மரவாடியின் தகரக் கூரையில் இருக்கும் ஓட்டைகள் வழியே காலை வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. அதில் மரத்தூள் மெல்லச் சுழல்கிறது. வாடிக்காரர் ரஹ்மத்துல்லா ரம்பத்தின் முன்னால் நிற்கிறார். அவருடைய மனைவி சைனப் விடியற்காலையில் மவுத்தாகிவிட்டாள். நடுப்பகல் தொழுகைக்குள் அவளுடைய கபுர்க்குழியை மூட ஏழு பலகை வேண்டும். நானே அறுக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. பக்கத்துப் பட்டறை முகம்மது ஹனீப் ஒரு தேக்குக் கட்டையைப் புரட்டிக் காட்டுகிறான். பாறைச் சரிவில், அரைகுறை மழையில் வளர்ந்த மரம் அது. வளையங்கள் நூல் நூலாக நெருங்கிக் கிடக்கின்றன. "இத போடுங்க காக்கா. இருவது வருசத்துக்குக் கறையான் தொடாது." ரஹ்மத்துல்லாவின் கட்டைவிரல் தேக்கைத் தடவிவிட்டு அருகிலிருக்கும் காட்டு இலவுக்குப் போகிறது. அதன் வளையங்கள் விரல் அகலம். நல்ல மழையும் திறந்த வெயிலும் குடித்து மளமளவென்று வளர்ந்தது, மண்ணுக்குள் மூன்று வருடம் தாங்காது. "இது போதும் ஹனீபு," என்கிறார். "பத்தொம்பது வருசம் ஜன்னல் இல்லாத ரூமுல வச்சிருந்தேன். இன்னும் எத்தன காலத்துக்கு அவள அடச்சு வைக்க?" ஹனீப் இலவங்கட்டையின் மறுமுனையைப் பிடிக்கிறான். ரம்பம் அலறத் தொடங்குகிறது. ஒவ்வொரு பலகையாக வெளுத்து விழுகிறது. ஏழாவதும் விழுந்த பிறகு ரஹ்மத்துல்லா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து எட்டாவதற்குக் கோடு போடுகிறார். ரம்பம் நின்றால் அவளை அடக்கப் போக வேண்டும். ஹனீப் கட்டையை மறுபடி தள்ளிக் கொடுக்கிறான்.