வியாழக்கிழமைப் படங்கள்

“எத்தனை தடவை சொல்றது ஷெஃபே? நான் எந்தக் கட்டடத்தையும் படம் எடுக்கலை!”

ஜுசாரா கேமராவை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மபுட்டோவில் போலீஸ்காரரை ‘ஷெஃபே’ என்று, அதாவது தலைவரே என்று, கூப்பிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். இன்றைக்கு அந்தப் பாதிகூட முடிகிற வழியாகத் தெரியவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சார்ஜென்ட் மபுண்டா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் நன்றாகத் தூங்கிப் பல நாள் ஆனது போலக் கண்கள் சிவந்திருந்தன. அவரும் அவளை மரியாதையாக ‘டோனா’ என்று, அதாவது அம்மணி என்றுதான், கூப்பிட்டார்.

“நான் கட்டடத்தைப் பத்திப் பேசவே இல்லையே, டோனா. வியாழக்கிழமை காலையில ஷிபமனினே சந்தைப் பக்கம் படம் எடுத்தீங்களா, இல்லையா?”

“எடுத்தேன். தினமும்தான் எடுக்கறேன். சனங்க கடலை விக்கிறது, முடி வெட்டிக்கிறது, பழைய சட்டைக்குப் பேரம் பேசுறது... பிரேசில்ல இருந்து வந்த நாளா இதைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன். அது குத்தமா?”

“குத்தம்னு யாரு சொன்னா? வியாழக்கிழமைப் படங்களை மட்டும் காட்டுங்க. ஏன்னா அன்னிக்கு...”

“அன்னிக்கு என்ன, அரசாங்க மதிலும் படத்துல விழுந்திருக்குன்னு சொல்லப் போறீங்க. அதானே?”

வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த ஊரில் முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருஷம் எல்லாம் தெரிந்துவிடும். ஜுசாராவுக்கு இது இரண்டாம் வருஷம்.

சந்தைக்கு எதிரே ஒரு அரசாங்க அலுவலகம் இருந்தது. அரசாங்கக் கட்டடத்தைப் படம் எடுக்கக் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த மதில் ஓரமாகத்தான் முடிவெட்டுகிறவர்கள் நாற்காலி போடுவார்கள். வியாழக்கிழமை முழுக்க அவள் அங்கேதான் நின்றிருந்தாள். மதில் கண்ணில் பட்டால் கேமரா போய்விடும். அதில் மூன்று மாத உழைப்பு இருக்கிறது, அடுத்த வாரம் கண்காட்சி. வீட்டில் இன்னொரு பிரதி எடுத்து வைக்காத தன் சோம்பேறித்தனத்தை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

“நேரா விஷயத்துக்கு வருவோம் ஷெஃபே. ரொம்ப வெயில். கூல்டிரிங்ஸ் குடிக்க ஏதாவது...” என்று கைப்பையைத் திறந்தாள்.

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம் தாயே! பையை மூடுங்க!”

“குறைச்சலா இருக்கும்னு நினைக்கிறீங்களா?”

“நான் கேட்டேனா? நான் கேட்டது படம். இந்தப் பக்கம் நீங்க போறதைப் பார்த்துக் கூப்பிட்டேன். ரெண்டே நிமிஷம் காட்டினா முடிஞ்சுபோகும். நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீங்க என்ன சொல்ல வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? இதோட நாலாவது ஸ்டேஷன்! முதல்ல படத்தைக் காட்டுன்னு சொல்வீங்க. அப்புறம் கேமராவை வச்சிட்டுப் போன்னு சொல்வீங்க. தூதரகத்துக்குப் போன் பண்ணட்டுமா?”

மபுண்டா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம் என்னைப் பேச விடுங்களேன், டோனா!”

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு அவசரமாக வாசலுக்குப் போனார். பேச்சு உள்ளே கேட்டது.

“இன்னும் இல்லம்மா... இந்த அம்மாதான், அதே பிரேசில்காரிதான்... கேமராவைக் குடுக்கவே மாட்டேங்குது... இரு, எப்படியும் வாங்கிப் பார்த்துடறேன்.”

‘பார்த்தாயா?’ என்று ஜுசாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கே தகவல் போய்விட்டது. இந்த மனிதர் கேமராவை வாங்காமல் விடமாட்டார்.

கேமராவைத் திருப்பினாள். வியாழக்கிழமை, நாற்பத்தாறு படங்கள். மூன்று மாதத்தில் எடுத்ததிலேயே அவைதான் உயிருள்ள படங்கள். ஆனால் மற்றதெல்லாம் பிழைக்க வேண்டுமே. ஒவ்வொன்றாகப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று, பார்க்காமலே மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். தடயம் எதுவும் மிஞ்சக் கூடாது என்று மீட்கவே முடியாதபடி அவை இருந்த இடத்தில், விசையை அழுத்திப் பிடித்து ஐம்பது தடவை கூரையைப் படம் எடுத்து, அதையும் அழித்தாள்.

மபுண்டா திரும்பி வந்தார்.

“இந்தாங்க ஷெஃபே, தாராளமாப் பாருங்க!” என்று ஜுசாரா கேமராவை மேசைமேல் வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை. “புதன் இருக்கு, வெள்ளி இருக்கு. வியாழக்கிழமை மட்டும் இல்லை. மதிலும் இல்லை, கட்டடமும் இல்லை. இனிமே நீங்களே கேட்டாலும் என்னால குடுக்க முடியாது.”

மபுண்டா கேமராவைத் தொடவில்லை. மெல்ல உட்கார்ந்தார்.

“அழிச்சிட்டீங்களா?”

“சுத்தமா.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற கோட்டில் ஒரு முதியவர்.

“எங்க அப்பா. அவருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. வீட்டு வழியே தெரியாது. வியாழக்கிழமை முடி வெட்டிக்கப் போனவரு நாலு நாளா வரலை. பிரேசில்கார அம்மா ஒருத்தங்க அவரை விடாம படம் எடுத்துக்கிட்டிருந்தாங்கன்னு முடிவெட்டுற ஆள்தான் சொன்னான். எந்தப் பக்கம் போனாருன்னு படத்துலயாவது தெரியுமான்னு...”

ஜுசாராவுக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முடி வெட்டி முடிந்ததும் எழுந்து, அவளைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, அவர் ஒரு மினிபஸ்ஸில் ஏறியதைக்கூட எடுத்திருந்தாள்.

வண்டியின் கண்ணாடியில் போகும் ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. படத்தில்தான் இருக்கிறதே என்று அன்றைக்கு அவள் அதைப் படிக்கவில்லை.