ஒரு பிரதி விடாமல்

"எல்லாத்தையும் கட்டிக் குடுங்க ஐயா."

"எல்லாத்தையுமா?" மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார் கடைக்காரக் கிழவர் வெண்டல். "ஞாயித்துக்கிழமைப் பேப்பர் தம்பி இது. இதுல இருக்கறதுதான் அதுலயும் இருக்கும்."

"மீன் கழுவறப்ப தரையில விரிக்கணும்" என்றான் டெல்ஃபின்.

"அதுக்கு எதுக்குக் காசு? பின்னால போன வாரத்துது குப்பையாக் கிடக்கு. சும்மாவே தூக்கிட்டுப் போ."

"பழசு வேணாம் ஐயா. மை ஒட்டும்."

"அடப் போப்பா, புதுசுலதான் மை ஒட்டும்!"

கையோடு கொண்டுவந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை நீட்டிப் பேச்சை மாற்றினான் டெல்ஃபின். ஒன்றைப் பிட்டு வாயில் போட்ட கிழவர், "இன்னிக்கு அடுப்புல சூடு கொஞ்சம் ஜாஸ்தி. பாரு, மேல்தோல் முறுகிப்போச்சு" என்றார். இலவசமாகத் தின்கிற வாய்க்கு ஏதாவது ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும்! டெல்ஃபின் சிரித்துக்கொண்டே பேப்பர் கட்டைத் தோளில் ஏற்றினான்.

அலாஸ்காவின் கோடியாக் தீவில் பத்திரிகை விற்பது இந்த ஒரு கடைதான். ஆங்கரேஜிலிருந்து விமானத்தில் வரும். மூடுபனி என்றால் அதுவும் வராது. டெல்ஃபின் முந்தின நாள் முழுக்க மூடுபனிக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தான். பாழாய்ப்போன வானம் பளிச்சென்று விடிந்து தொலைத்தது.

விஷயம் இதுதான். பெர்லா அக்காவின் ரொட்டிக்கடையில் மாவு பிசைவதும் சுடுவதும் டெல்ஃபின். அவன் அமெரிக்காவிலேயே தங்கி, பிலிப்பைன்ஸில் இருக்கும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறை சான்று தர வேண்டும். அதற்காக, அவன் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கே 'ஆள் தேவை' என்று பெர்லா விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தாள். ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. ஆனால் மனு ஒரு வருஷத்துக்கு மேல் வரிசையில் தூங்கியது. தூங்கி எழுந்து, விளம்பரம் வந்த தேதியைத் தப்பாகக் குறித்திருக்கிறீர்கள் என்று தள்ளிவிட்டார்கள். இப்போது மறுபடி முதலிலிருந்து, இதே பத்திரிகையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விளம்பரம்; இன்றைக்கு முதலாவது. இதுவும் போனால் விசா முடிந்து பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"எனக்கப்புறம் மனு போட்டவன் எல்லாம் குடும்பத்தைக் கூட்டிட்டு வந்துட்டான் அக்கா. இது என்ன நியாயம்?" என்று கடையில் பொருமினான்.

"நியாயத்தை என்கிட்ட வந்து கேக்கறியே? நான் ரொட்டி விக்கறவ" என்றாள் பெர்லா. "இத பாரு. தகுதியுள்ள உள்ளூர்க்காரங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து நின்னாலும் உன் மனு அவ்வளவுதான். வந்தா நான் மறைக்க மாட்டேன். பொய்க் கையெழுத்தும் போட மாட்டேன். நீ அந்த விளம்பரத்து மேல கையே வைக்கக் கூடாதுன்னு வக்கீலம்மா கண்டிச்சுச் சொல்லிட்டாங்க, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு அக்கா."

விளம்பரத்தில் எங்கே கை வைத்தான்? காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறான். அது குற்றமா?

சாயங்காலம் மகள் போனில் கேட்டாள். "அப்பா, நான் வர்றதுக்குள்ள அங்க பனியெல்லாம் உருகிடுமா?"

"உருகினா மறுபடி பெய்யும்டா செல்லம்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அடுத்த ஞாயிறு கடைக்குள் நுழைந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கமான கட்டுக்குப் பக்கத்தில் அதைப் போல இன்னும் மூன்று கட்டுகள்!

"உனக்காகத்தான் தம்பி! ஆங்கரேஜுக்குப் போன் போட்டுக் கூடுதலா அனுப்பச் சொன்னேன். இந்தக் கடை திறந்த நாளா மொத்தப் பேப்பரும் வித்தது போன வாரம்தான்" என்று பூரித்துப்போனார் வெண்டல்.

வேறு வழி? மென்று விழுங்கிக்கொண்டு அத்தனையையும் வாங்கினான். கடைசிக் கட்டையும் ரொட்டி வண்டியில் ஏற்றிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது. அப்பாடா, தீவில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை! மகளுக்குக் கம்பளிச் சட்டை என்ன நிறத்தில் வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டான்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று வாசல் வரை வந்தார் வெண்டல். "இத்தனை வருஷம் பேப்பர் வித்தேன், ஒருநாள் பிரிச்சுப் படிச்சதில்லை. போன வாரம் நீ அள்ளிக்கிட்டுப் போறதைப் பார்த்ததும், அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு உனக்குத் தெரியாம ஒண்ணை மேஜைக்கடியில தள்ளிட்டேன். ஒரு வரி விடாம படிச்சேன்."

வண்டிக் கதவில் வைத்த கையை எடுக்காமல் டெல்ஃபின் அப்படியே நின்றான்.

"நான் கடலோரக் காவல்படைக் கப்பல்ல வருஷக்கணக்கா ரொட்டி சுட்டவன், உன்கிட்ட சொன்னதில்லையே? நேத்து நீ வேலை முடிஞ்சு கிளம்பின பிறகு உங்க ரொட்டிக்கடைக்குப் போய் அந்த வேலையைக் கேட்டேன். இந்தக் கிழவனை யாரு எடுப்பாங்கன்னு தயக்கமாத்தான் இருந்துச்சு. வயசைப் பார்க்கக் கூடாது, சட்டப்படி எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்னு சொல்லி, எனக்கு எல்லாத் தகுதியும் இருக்குன்னு உங்க அக்காவே எழுதிக்கிட்டாங்க. ஏனோ தெரியலை, பாவம், கண்ணைத் தொடச்சுக்கிட்டே எழுதினாங்க" என்ற வெண்டல், அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இனிமே உனக்கு ஒத்தாசைக்கு ஆளாச்சு. அடுப்புச் சூட்டை நான் பார்த்துக்கறேன், நீ நிம்மதியா உட்கார்ந்து பேப்பர் படி!"