மேசைமேல் கிடந்தவள்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கென்று வெளியான புதுத் தொடரை டிவியில் போட்டுவிட்டு, ராணி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். நடிக்கப் போகிறேன் என்று தூத்துக்குடியை விட்டு அவள் சென்னைக்குப் போனதிலிருந்து அப்பா அருளப்பன் அவளோடு பேசுவதில்லை. பண்டிகைக்கு வந்தால் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. இப்போதும் அவர் சற்றுத் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரித்திருந்தார்.

"இந்தா, இப்ப நான் வருவேன்," என்றாள் ராணி.

திரையில் ஒரு பிணவறை. போலீஸ்காரர் ஒருவர் வெள்ளைத் துணியை விலக்கினார். நீலம் பாரித்த உதடுகளோடும் நனைந்த முடியோடும் இரும்பு மேசையில் அவள் கிடந்தாள். தொடர் முழுக்கத் தனக்கு அவ்வளவுதான் வேடம் என்பதை அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

"ஐயோ, மாதாவே!" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நடிப்புதானம்மா," என்று ராணி சிரிக்கப் பார்த்தாள்.

"நிறுத்து அத," என்றார் அப்பா.

படம் அப்படியே நின்றது. திட்டு விழப்போகிறது என்று ராணி ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து டிவிக்கு அருகில் போய் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து அவளுடைய புறங்கையில் தன் விரல்களை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"ஏளா, அந்த மேசையில எவ்ளோ நேரம் கெடந்த? குளுரலியா?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ரொம்பக் குளுருச்சுப்பா," என்றாள்.