ஆறாம் தேதி அழைப்பு

வீட்டுக் கடனுக்கு ஈடாக, சுபின் தன் குரலை இருபது வருடத்துக்கு வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அதுவரை வீட்டில்கூட அவன் வாய் திறக்கக் கூடாது. கடன் வாங்கிய பிறகு பிறந்த மகள் ஆஷ்னா, அப்பா பேசிக் கேட்டதே இல்லை.

தவணை நாள் ஐந்தாம் தேதி. ஆறாம் தேதி காலை அவன் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி ஜெர்லினின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம். இந்த மாசத் தவணை இன்னும் வரலைங்க. யார் பேசறது?”

பேசியது வங்கியின் இயந்திரம்; குரல் சுபினுடையது.

“ஜெர்லின்.”

“நன்றி, ஜெர்லின்.”

பணம் இருந்தும் மாதாமாதம் அவள் ஒருநாள் தள்ளிக் கட்டுவது இதற்காகத்தான். சுபின் கரண்டியோடு அப்படியே நின்றான்.

ஆஷ்னா அம்மாவின் கையை இழுத்தாள்.

“அந்த மாமாட்ட என் பேரையும் ஒருக்கா சொல்லச் சொல்லும்மா.”