ஹாரனுக்குப் பதில்

குகைக்குள் சிரிப்புச் சத்தம் அடங்கவே இல்லை. காலையில் ஏறிய பயணிகள் அத்தனை பேரும் படகிலிருந்து குதித்து, நீலமாய் ஒளிரும் தண்ணீரில் நீந்தி உள்ளே போய்விட்டார்கள். குகை வாய்க்கு வெளியே படகை நிறுத்திவிட்டு, சுக்கானைப் பிடித்தபடி நிற்கிறான் ஸ்ட்ராத்திஸ். காற்று செத்துக் கிடக்கிறது. பின்தளத்தில் அவன் மனைவி கல்லிரோய் தர்பூசணி அறுக்கிறாள். பலகையில் கத்தி விழும் சத்தம் டக் டக்கென்று கேட்கிறது. தீவின் முனைக்கு அப்பால் வெள்ளையாய் ஒரு பெரிய கப்பல் கடந்துபோகிறது. சாயங்காலம் வரவேண்டிய கப்பல் அது, இன்றைக்கு மதியமே வந்துவிட்டது. அது கிளப்பிவிட்ட அலை, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் கடலில், ஒரு கறுத்த மடிப்பாய்ச் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் வருகிறது. வெளியே இருக்கிற படகை அது தாலாட்டிவிட்டுப் போய்விடும். குறுகலான குகைக்குள் நுழைந்தால் கூரைவரை ஏறும்.

ஸ்ட்ராத்திஸ் ஹாரனை அழுத்துகிறான். பாறை அதிர்கிறது. உள்ளேயிருந்து கைத்தட்டல் கேட்கிறது, பிறகு எல்லாரும் சேர்ந்து "ஊ..." என்று கத்துகிறார்கள்.

"வெளிய வாங்க! சீக்கிரம்!" என்று அவன் அலறுவது எதிரொலியில் கலந்து வெறும் இரைச்சலாகிறது.

"போதும்யா, காது கிழியுது. தினமும் இதே விளையாட்டுதானா?" என்று சிரித்தபடி நிமிர்கிற கல்லிரோய், அவன் பார்க்கிற திசையில் பார்க்கிறாள். கத்தி அந்தரத்தில் நிற்கிறது. "ஐயோ, ஹாரன் அடிச்சா பதிலுக்குக் கத்தணும்னு நீதானே அவங்களுக்குச் சொல்லிக்குடுத்தே..."

அவன் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறான். அந்த மடிப்பு படகுக்கடியில் புகுந்து, மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கிவிட்டு, குகை வாயை நோக்கிப் போகிறது. உள்ளே இன்னும் பலமாய்க் கத்துகிறார்கள்.